தாடைச் சீரமைப்பும் வாழ்க்கைத் தரமும்

மீ கோரெங் உண்ணும்போது அதை முன்பற்களால் கடித்துத் துண்டிப்பது நம்மில் பலருக்கு மிக எளிது. மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் வளர்ந்த சிலருக்கோ அது இயலாத செயல். வாயை மூடினாலும் அவர்களின் முன்பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. சில ஒலிகளைத் தெளிவாக உச்சரிப்பதும் அவர்களுக்குக் கடினமாகலாம். புகைப்படம் எடுக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வோரும் உள்ளனர்.

இக்குறை பெரிதாக இருந்தால் பற்களுக்குக் கம்பி அணிவது மட்டும் போதாது. தாடைச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும். பெரும்பாலும் தாடையின் வளர்ச்சி முழுமையடைந்த பின்னரே இது செய்யப்படுகிறது. நோயாளி முதலில் ஓராண்டு அல்லது அதற்கும் மேலாகக் கம்பி அணிந்து பற்களை வரிசைப்படுத்திக்கொள்வார். பின்னர், மருத்துவர் வாயின் உட்புறமாகவே தாடை எலும்பை வெட்டி, உரிய இடத்திற்கு நகர்த்தி, டைட்டானியத் தகடுகளாலும் திருகாணிகளாலும் பொருத்துவார்.

அடுத்து வரும் வாரங்கள் எளியவை அல்ல. முகம் வீங்கும். கஞ்சி, சூப் போன்ற உணவுகளையே உட்கொள்ள நேரிடும். கீழுதடும் மோவாயும் மரத்துப்போகலாம். சிலருக்கு அவ்வுணர்வு முழுமையாக நீங்குவதே இல்லை. கண்ணாடியில் தெரியும் புதிய முகத்திற்குப் பழகவும் காலம் தேவை. எனவே, நன்மை, தீமை இரண்டையும் அறிந்த பின்னரே நோயாளி முடிவெடுக்க வேண்டும்.

சிகிச்சை வெற்றி பெற்றதா என்பதை எவ்வாறு அறிவது? எலும்பு கூடியதை ஊடுகதிர்ப் படம் காட்டும், மனநிறைவைக் காட்டாது. அதை நோயாளியிடம்தான் கேட்க வேண்டும். இதற்காகவே 2000ஆம் ஆண்டில் இலண்டன் ஆய்வாளர்கள் 22 கூற்றுகள் கொண்ட வினாநிரல் ஒன்றை வெளியிட்டனர். கடித்து உண்ணுதல், முகத்தோற்றம், பிறரோடு பழகுதல், முகக்குறை பற்றிய எண்ணம் ஆகியவை தம்மை எந்த அளவு வருத்துகின்றன என்பதை நோயாளியே அதில் குறிப்பிடுவார். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளித்த பதில்களை ஒப்பிட்டால் மாற்றம் புலப்படும். பெரும்பாலோரின் வாழ்க்கைத் தரம் உயர்ந்துள்ளதை இத்தகைய ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும், சிகிச்சைக்குப் பின் எல்லாச் சிக்கல்களும் தீர்ந்துவிடும் என எதிர்பார்த்தவர்கள் ஏமாற்றமடைவதும் உண்டு.

பிறரோடு பழகுவதும் அந்த வினாநிரலில் இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். தாடையைச் சீராக்குவது மருத்துவரின் பணி. ஒருவர் தம் முகத்தை மறைக்காமல் நம்மோடு சிரித்துப் பேசும் சூழலை உருவாக்குவது யாருடைய பணி?