ஸ்மூத்திக்குத் தனி பிளெண்டர் வேண்டுமா?

கேள்வி: வீட்டில் 750 வாட் மிக்ஸி இருக்கிறது. திருப்பதியில் அறை எடுத்துப் படிக்கும் மகன், வீட்டுக்கும் தன் அறைக்கும் ஸ்மூத்தி பிளெண்டர் கேட்கிறான். விலை குறைவாக எதை வாங்கலாம்?
– ஒரு வாசகி, சித்தூர்

பதில்: வீட்டுக்கு வேண்டாம். சட்னிக்குத் தேங்காய் அரைக்கும் மிக்ஸிக்குப் பழம் ஒரு பொருட்டா? உயரமான ஜூஸ் ஜாரில் முதலில் தயிரையோ பாலையோ ஊற்றி, பிறகு பழத்தைப் போடுங்கள். பிளேடு சிக்காமல் சுற்றும். பாதி ஜாருக்கு மேல் நிரப்பாதீர்கள். ஐஸ் கட்டிக்குப் பதில் பழத்துண்டுகளையே ஃப்ரீசரில் வைத்து, பத்து நிமிடம் வெளியே இளகவிட்டு அடித்தால் ஜாரும் பிழைக்கும், சுவையும் நீர்த்துப்போகாது. மாம்பழம் என்றால், உங்கள் ஊர்க் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவது தோத்தாபுரிதான் என்றாலும், ஸ்மூத்திக்கு நார் இல்லாத பங்கனப்பள்ளிதான் என் கட்சி.

மகனுக்கு, கரண்டில் ஓடும் 300 – 400 வாட் சிறிய பிளெண்டர் போதும். சார்ஜ் போட்டு ஓட்டும் குட்டி பிளெண்டர்கள் பார்க்க அழகு; உறைந்த பழத்தைப் போட்டால் திணறும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, கப்ளரும் வாஷரும் திருப்பதிக் கடைகளில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்ட பிறகே பணம் கொடுங்கள். அறையில் பிளெண்டர் ஓட்ட வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்பதையும் மகனையே விசாரிக்கச் சொல்லுங்கள்.