ஏழாவது கிண்ணத்துக்குப் பிறகு

தோழர்களே, கேன்டீன் டீயை ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு லேபுக்கு ஓடுகிறவர்கள் நாம். சீனாவில் தாங் வம்சத்து ஆட்சியில் லூ யூ (733–804) என்பவர் டீக்கென்றே ‘சா சிங்’ என்று ஒரு நூல் எழுதினார். பத்து அத்தியாயம். இலக்கியம்தான், ஆனால் பாதி நம்ம ஒர்க்‌ஷாப் மேனுவல் மாதிரி! மூன்று கால் அடுப்பின் கனம் உட்பட எல்லாம் அளவோடு உண்டு. தெர்மாமீட்டர் இல்லாத காலம், கொதிநிலையை எப்படிச் சொல்வது? கண்ணால்தான். முதல் கொதியில் குமிழி மீன்கண் போல வரும், அப்போது உப்பு. (ஆமாம், சர்க்கரை இல்லை!) ஓரமெல்லாம் முத்துச்சரம் கட்டினால் இரண்டாவது, டீத்தூள் போடலாம். அலையடித்தால் மூன்றாவது. அதற்கும் மேல் கொதித்தால் குடிக்க லாயக்கில்லை என்கிறார். இஞ்சி போடுவதும் அவருக்குப் பிடிக்காது.

அடுத்தவர் கவிஞர் லூ டோங், 835-ல் இறந்தவர். ஓர் அதிகாரி அனுப்பிய புது டீக்கு நன்றி சொல்லும் பாட்டு இவருடையது. ஏழு கிண்ணம் குடிக்கிறார். ஏழாவதில் பறப்பது போலாகிவிடுகிறது. அந்த ஏழு கிண்ணப் பகுதியை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இது உடன்பாடில்லை. ஏனென்றால் பாட்டு அதற்கப்புறமும் போகிறது. அரசனுக்குப் போகிற உயர்ந்த ரக டீ அது. செங்குத்து மலைகளில் அல்லல்படும் லட்சக்கணக்கான ஜனங்களின் கதி என்ன, அவர்களுக்கு என்றாவது ஓய்வு உண்டா என்று, டீ அனுப்பிய அதிகாரியிடமே கேட்கிறார். அரசனுக்குத் தவறை எடுத்துச் சொல்வதுதான் அந்த அதிகாரியின் உத்தியோகமே!