மின்சாரமும் காந்தமும்: ஒரு மீள்பார்வை



நடுநிலை வகுப்புகளில் காந்தத்தை ஒரு பாடமாகவும் மின்சாரத்தை வேறொரு பாடமாகவும் படிக்கிறோம். இரண்டுக்கும் நடுவே ஒரு விடுமுறை வந்துவிடுகிறது. முதற்பாடம் மறந்தும் போகிறது. ஆனால் இவ்விரண்டும் ஒரே பாடத்தின் இரு பாதிகள். அவற்றை இணைக்கும் முடிச்சு ஒரே ஒரு சொல்தான். அதற்கு வருமுன் பழைய பாடங்களைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

காந்தத்தின் இரு முனைகளுமே இரும்பைக் கவரும். ஆகையால் ஒரு துண்டு கவரப்படுகிறது என்பதை வைத்து அது காந்தமா, வெறும் இரும்பா என்று தீர்மானிக்க முடியாது. விலக்கினால்தான் அது காந்தம். 1600ஆம் ஆண்டில் வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கில மருத்துவர், பூமியே ஒரு பெரிய காந்தம் என்று எழுதினார். காந்த ஊசியின் வடமுனை வடக்கு நோக்கி நிற்கிறது என்றால், அங்கிருந்து அதைக் கவர்வது தென்முனையாகத்தானே இருக்க வேண்டும்? ஆம், பூமிக் காந்தத்தின் தென்முனை வடதுருவத்துக்கு அருகில்தான் இருக்கிறது. இதை முதன்முதலில் கேட்கும் வகுப்பில் சலசலப்பு எழாமல் இருக்காது!

இனி மின்சாரம். 1800ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்டா, உப்புநீரில் நனைத்த துணிகளை இடையிடையே வைத்து உலோகத் தகடுகளை அடுக்கித் தொடர்ந்து மின்னோட்டம் பெறும் வழியைக் காட்டினார். தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்ற வேறுபாட்டை நினைவில் வைக்கக் கிறிஸ்துமஸ் குடிலின் பழைய வகைச் சரவிளக்கே போதும். ஒவ்வொன்றும் 6 வோல்ட் பல்பு. 230ஐ 6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 38. அத்தனை பல்புகளைத் தொடராகக் கோத்தால்தான் வீட்டு மின்சாரத்தைத் தாங்கும். ஒன்று பழுதானால் சரம் முழுவதும் அணைந்துவிடும். வீட்டு விளக்குகள் அப்படியல்ல. பக்க இணைப்பில் இருப்பதால் சமையலறை பல்பு போனாலும் கூடத்து விளக்கு எரிகிறது.

இரு பாடங்களுக்கும் பாலம் அமைத்தவர் கோபன்ஹேகன் நகரப் பேராசிரியர் ஓயர்ஸ்டெட். 1820ஆம் ஆண்டில், மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகே இருந்த காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். நம் ஆய்வுக்கூடத்திலும் இதைச் செய்யலாம். ஊசிக்கு மேலே, வடக்குத் தெற்காகக் கம்பியைப் பிடித்து ஒரு மின்கலத்துடன் கணநேரம் இணைக்க வேண்டும். ஊசி ஒருபக்கம் திரும்பும். மின்கலத்தை மாற்றி இணைத்தால் மறுபக்கம் திரும்பும். நெடுநேரம் இணைத்து வைத்தால் கம்பி சுடும், மின்கலமும் வீணாகும்.

மின்சாரம் காந்தத்தை உண்டாக்குகிறது. அப்படியானால் காந்தத்தால் மின்சாரத்தை உண்டாக்க முடியாதா? அக்காலத்து அறிஞர்கள் பலரை இக்கேள்வி தூங்கவிடவில்லை. கம்பிச்சுருளுக்குள் வலுவான காந்தத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் நிகழவில்லை. 1825ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் கொலாடன் என்பவர் செய்ததைக் கேளுங்கள். காந்தம் தன் கால்வனாமீட்டரின் ஊசியை நேரடியாக அசைத்துவிடக் கூடாதே என்று, அக்கருவியை அடுத்த அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தார். பிறகு எழுந்து போய் ஊசியைப் பார்த்தார். அது பூச்சியத்தில் நின்றது. அவர் நடந்து போவதற்குள் ஊசி அசைந்து அடங்கிவிட்டது! அந்த அறையில் துணைக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தால் சரித்திரமே மாறியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் இருவர் இருவராகச் செய்யச் சொல்வதன் அருமை எங்களுக்கு இங்கேதான் விளங்கியது.

கொல்லரின் மகனும், இளமையில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவருமான மைக்கேல் பாரடேயும் பலமுறை முயன்றார். 1831 ஆகஸ்டு 29 அன்று லண்டனில், ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே செம்புக் கம்பியைச் சுற்றினார். ஒரு சுருளை மின்கல அடுக்கோடு இணைத்த கணத்தில், மறு சுருளின் அருகிலிருந்த ஊசி துள்ளியது, உடனே அடங்கியது. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் துள்ளியது. இடைப்பட்ட நேரத்தில், மின்சாரம் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தும், ஊசி அசையவில்லை. அக்டோபரில் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் எடுத்தும் அதே விளைவைக் கண்டார்.

நாம் தேடிய முடிச்சு இதுதான்: மாறுதல். காந்தப்புலம் மாறும்போது மட்டுமே சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. 'காந்தத்தால் மின்சாரம் உண்டாகிறது' என்று விடைத்தாளில் எழுதினால் பாதி விடைதான். 'மாறும்' என்ற சொல்லை விட்டவருக்கு மதிப்பெண் குறைந்தால் ஆசிரியை மீது கோபப்படலாகாது.

இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பல பொருள்களின் மருமம் விளங்கும். தெருமுனையில் நிற்கும் மின்மாற்றி, பாரடேயின் வளையத்தின் வழித்தோன்றலே. மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்றுகள் மாறிக்கொண்டேயிருப்பதால் அதன் இரண்டாம் சுருளில் ஓயாமல் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. இண்டக்‌ஷன் அடுப்பும் அப்படியே. அதன் அடியிலுள்ள சுருள் வேகமாக மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டம் சுழன்று சூடேறுகிறது. பாத்திரக் கடைக்குப் போகும் அம்மாவிடம் சிறு காந்தம் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். அடிப்பாகத்தில் நன்றாக ஒட்டினால் அந்தப் பாத்திரம் அவ்வடுப்புக்கு ஏற்றது. வெறும் அலுமினியப் பாத்திரத்தில் காந்தம் ஒட்டாது. சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பில் அது சூடேறவும் செய்யாது.

சில வீடுகளில், 'சுவிட்ச், ப்யூஸ் எல்லாம் ஆண்பிள்ளைகள் வேலை' என்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியையும் கிரைண்டரையும் நாள்தோறும் தொடுபவர்கள் யார்? பெரும்பாலும் நம் தாய்மார்கள்தாமே! ஆகவே மூன்று முள் பிளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருமனான நீண்ட முள் நிலத்தொடர்புக்கானது. பிளக்கைச் செருகும்போது முதலில் தொடுவதற்காகவே அது நீளமாக உள்ளது. இஸ்திரிப் பெட்டிக்குள் கம்பியின் உறை தேய்ந்து, மின்சாரம் உலோக உடலில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிலக்கம்பி இருந்தால் அதன் குறைந்த மின்தடை வழியே பெரும் மின்னோட்டம் பாய்ந்து ப்யூஸ் உருகிவிடும். நிலக்கம்பி இல்லாவிட்டால், தொடுபவர் உடலே மின்சாரம் நிலத்துக்குப் போகும் வழியாகிவிடும். சுவரில் இரண்டு துளைதான் இருக்கிறது என்று அந்த மூன்றாவது முள்ளை ஒடித்துவிட்டுச் செருகும் வழக்கத்தைக் கண்டால், தயங்காமல் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்புத் தங்கைகளுக்கு ஒரு கேள்வி. மின்மாற்றியின் முதற்சுருளில் வீட்டு மின்சாரத்துக்குப் பதிலாக ஒரு பேட்டரியை இணைத்து அப்படியே விட்டுவிட்டால், இரண்டாம் சுருளில் கட்டிய பல்பு எரியுமா? விடை சொல்பவர் காரணத்தையும் சொல்ல வேண்டும்.