வாப்பாவின் கைக்கடிகாரம் சரியான நேரம் காட்ட

நம்மில் பலருடைய வீட்டு அலமாரியில், வாப்பா கட்டியிருந்த சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்று கிடக்கும். நேரம் தவறுகிறது என்று அதை ஒதுக்கி விடுகிறோம். சிலர் உள்ளிருக்கும் இயந்திரத்தையே எடுத்துவிட்டு பேட்டரி இயந்திரம் மாட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யுமுன், அது எப்படித் தவறுகிறது என்று பார்ப்போம்.

எச்.எம்.டி. ஜனதாவை எடுத்துக்கொள்வோம். அதன் பேலன்ஸ் சக்கரம் நொடிக்கு 5 முறை, மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். அதில் 20 நொடி பிசகுவது 4,320இல் ஒரு பங்கு பிழைதான்.

முதலில் ஏழு நாள் கணக்கு எழுதுவோம். தினமும் காலையில் ஒரே நேரத்தில் முழுச் சாவி கொடுப்போம். தடை தெரிந்ததும் நிறுத்திவிடுவோம். கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை நொடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று குறிப்போம். இடையில் முள்ளைத் திருத்தக் கூடாது. இரவில் எப்படி வைத்தோம், முகம் மேலாகவா, பக்கவாட்டிலா என்பதையும் எழுதுவோம். வைக்கும் நிலைக்கேற்ப வேகம் சற்று மாறும்.

தினமும் ஏறக்குறைய ஒரே அளவு தவறினால் கவலை இல்லை, அதைத் திருத்திவிடலாம். ஒரு நாள் முந்தி மறுநாள் பிந்தினால், பெரும்பாலும் எண்ணெய் காய்ந்திருக்கும், அல்லது அழுக்கு சேர்ந்திருக்கும், சர்வீஸ் தேவை. திடீரென்று பல நிமிடங்கள் முந்தினால் காந்தம் ஏறியிருக்கக்கூடும். ஸ்பீக்கர், கைபேசி உறையின் காந்தம் ஆகியவற்றின் அருகே வைத்தால் இப்படி ஆகும். கடைக்காரர் சில நொடிகளில் காந்தத்தை நீக்கிவிடுவார்.

வேகத்தைத் திருத்துவது பேலன்ஸ் சக்கரத்தின் மேலுள்ள சிறு நெம்புகோல். கூட்டல் குறிப் பக்கம் நகர்த்தினால் வேகம் கூடும், கழித்தல் பக்கம் குறையும். மயிரிழை அளவு நகர்ந்தாலே பல நொடி மாறும். அதன் கீழுள்ள ஹேர்ஸ்பிரிங் சற்று வளைந்தாலும் கடிகாரம் பாழாகும். ஆகவே பழக்கமில்லாத நாம் மூடியைத் திறக்க வேண்டாம்.

ஏழு நாள் எழுதிய தாளையும் சேர்த்துக் கடைக்காரரிடம் கொடுப்போம். "பழைய இயந்திரத்தை மாற்ற வேண்டாம், இதையே சரிசெய்து தாருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். வாப்பா தினமும் சாவி கொடுத்த அதே இயந்திரம் நம் பிள்ளைகளின் கைக்கும் போய்ச் சேரட்டும்.