யாவரும் நுழையத்தக்க வாயில்

கட்டடம் ஒன்றைக் காணுங்கால் நாம் அதன் உயரத்தையும் அழகையும் வியக்கின்றோம். அதன் வாயிலை யார் கடக்கக்கூடும், யார் வெளியே நிற்கவேண்டும் என்று எண்ணுவதில்லை. அவ்வெண்ணம் நமக்கு ரிஷிவந்தியத்தில் உண்டாயிற்று.

அவ்வட்டாரத்தில் பொதுஜனங்களுக்குரிய கட்டடம் ஒன்றிற்கு, சக்கர நாற்காலியில் செல்லும் நண்பர் ஒருவருடன் நாம் ஒருநாள் போயிருந்தோம். வாயிலில் ஆறு அங்குல உயரமுள்ள படிகள் மூன்று. அருகில் ஒரு சாய்தளமும் இருந்தது. ஆயினும் நண்பரால் அதில் ஏற இயலவில்லை. நாற்காலி பின்னோக்கி உருண்டது. முடிவில் நாம் அவரைத் தூக்கிச் சென்றோம். திரும்புகையில் அவர், “நீங்கள் தூக்கியதற்கு நன்றி. ஆனால் அடுத்த முறை நான் தனியாக அல்லவா வரவேண்டும்?” என்றார். நமக்கு விடை தோன்றவில்லை. நாடாவைக் கொண்டு அளந்து பார்த்தோம். ஏற்றம் 18 அங்குலம். சாய்தளத்தின் நீளமோ 6 அடியே.

இதிலுள்ள பிழை யாது? ஓர் அங்குலம் ஏறுவதற்குக் குறைந்தது ஓர் அடி நீளம் வேண்டும். அதாவது 12-க்கு 1 என்பதே விதி. அக்கணக்கின்படி அவ்விடத்திற்கு 18 அடி நீளம் தேவை. மூன்றில் ஒரு பங்கே கட்டப்பட்டிருந்தது. கணக்குப் புத்தகத்தில் அது சாய்தளம். நண்பருக்கோ அது சுவர்.

அளவுகள் இவ்வொன்றோடு அமையா. சாய்தளத்தின் இருபுறமும் கைப்பிடிக் கம்பியும், மேலும் கீழும் நாற்காலி நின்று திரும்பத்தக்க சமதளமும் வேண்டும். கதவின் திறப்பு 900 மில்லிமீட்டர் இருத்தல் நலம். பார்வையற்றோர்க்குக் காலாலும் கோலாலும் உணரத்தக்க மேடுபள்ளக் கற்களும், விரலால் படிக்கும் பிரெயில் எழுத்துப் பலகைகளும், மின்தூக்கியில் மாடியின் எண்ணைக் கூறும் ஒலியும் வேண்டும். செவிகேளாதார்க்கு அறிவிப்புகள் எழுத்தில் தோன்றவேண்டும். கழிப்பறையை மறத்தல் பெரும் பிழை. அஃதில்லாத இடத்தில் ஒருவர் எத்தனை நாழிகை காத்திருக்கக்கூடும்?

இனிச் சட்டத்தின் வரலாற்றை நோக்குவோம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம், பொருள்வளம் இடங்கொடுக்கும் அளவிற்குள் இவ்வசதிகளைச் செய்யுமாறு கூறிற்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, விதிகளுக்கு இணங்காத கட்டடத்திற்கு அனுமதியும் நிறைவுச் சான்றும் வழங்கலாகாது என்றது. பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த ஐந்தாண்டு தவணையும் விதித்தது. எனினும் ஒரு குறை இருந்தது. 2017-ஆம் ஆண்டு விதிகள் சுட்டிய அளவுகள் பரிந்துரைகளாகவே எழுதப்பட்டிருந்தன. பார்வைக் குறைவுடைய ராஜீவ் ரதூரி என்பார் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்விதி சட்டத்திற்கு முரண் எனத் தீர்ப்பளித்து, கட்டாய அளவுகளை மூன்று மாதத்துள் வகுக்குமாறு பணித்தது. “செய்யலாம்” என்பதற்கும் “செய்தல் வேண்டும்” என்பதற்கும் உள்ள தூரமே நாம் அளந்த அந்தப் பன்னிரண்டு அடி.

செலவு மிகுமே என்பர் சிலர். புதுக் கட்டடத்தின் வரைபடத்திலேயே இவற்றைச் சேர்த்தால் செலவு சிறிது. கட்டியபின் இடித்துத் திருத்துவதே பெருஞ்செலவு. வருவோர் சிலரே என்பர் வேறு சிலர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் கணக்கிடப்பட்டனர். இவர்களோடு முதியோரையும், கருவுற்ற பெண்களையும், கால் முறிந்து ஊன்றுகோல் பிடித்தோரையும் சேர்த்து எண்ணுக. வழி இல்லாமையால் வாராதிருப்போரை, வர விருப்பமில்லாதோர் என்று கருதுதல் முறையன்று.

வழி திறந்தால் யாது நிகழும் என்பதற்குச் சென்னைக் கடற்கரை சான்று. 2022 நவம்பர் 27-ஆம் நாள் மெரினாவில் 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை திறக்கப்பட்டது. மணலைக் கடக்க இயலாதிருந்தோர் அலையின் அருகே சென்றனர். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதனைச் சிதைத்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. ஆகவே அமைத்தல் மட்டும் போதாது, பேணுதலும் கடமையாம்.

நம் கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. இளைய மாவட்டத்தில் கட்டடங்கள் எழுங்காலமே அளவுகளைக் கற்கும் காலம். கல்வராயன் மலையிலிருந்து ஒருநாட் கூலியை இழந்து இறங்கி வரும் முதியவர், மூன்று படிகளின் முன் நின்று திரும்பிப் போகலாமா? வாக்குச்சாவடிகளில் சாய்தளம் வேண்டுமெனத் தேர்தல் ஆணையம் பணிக்கின்றது. பெரும்பாலும் அச்சாவடிகள் பள்ளிகளே. வாக்களிக்கும் ஒரு நாளுக்கு வேண்டுவது, அப்பள்ளியில் நாள்தோறும் பயிலும் சிறுவனுக்கு வேண்டாவோ?

அன்பார்ந்த மாணவர்காள், அளவு நாடா விலை உயர்ந்த கருவியன்று. முதற்கண் நம் கலாசாலையின் வாயில்களையே அளப்போம். குறை காணின் பணிவுடன் எழுதித் தெரிவிப்போம். நாளை உங்களுட் சிலர் பொறியாளராவீர், சிலர் அதிகாரிகளாவீர். வரைபடத்தில் கையொப்பமிடுமுன், தனியாக வர விரும்பிய அந்நண்பரை ஒருகணம் நினைமின்.