முகத்தைப் பாராமல் அளவைப் பாருங்கள்
(புதிதாகச் சபைக்கு வந்த பிள்ளைகளுக்குப் பத்துச் சொல்)

2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலில் யாழ். மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி சபைகளுக்கும் உறுப்பினர்கள் தெரிவானார்கள். உங்களில் பலர் முதன்முறையாகச் சபைக் கதிரையில் இருப்பவர்கள். வீதி, வடிகால், குப்பை பற்றி உங்களுக்குச் சொல்ல வேறு ஆட்கள் வருவார்கள். நான் சொல்ல வருவது சின்ன விஷயம். சந்தியிலும் மதிலிலும் மின்கம்பத்திலும் தொங்கும் பதாகைகளை என்ன செய்வது என்பதுதான். சபையின் வரவு செலவுத் திட்டத்தை ஊரில் வாசிப்பவர்கள் மிகக் குறைவு. யாருடைய பதாகை கழன்றது, யாருடையது இன்னும் தொங்குகிறது என்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். சபை பக்கம் சாய்கிறதா என்று அதை வைத்துத்தான் ஊர் முடிவு கட்டும்.

1. உங்களுடையதை முதலில் கழற்றுங்கள். வெற்றிக்கு நன்றி சொல்லும் பதாகையில் உங்கள் படம் சந்தியில் சிரித்துக்கொண்டிருக்கும்போது, விளம்பரத்தைக் கழற்றச் சொல்லி ரியூசன் ஆசிரியருக்கு அறிவித்தல் அனுப்பினால் அவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். கட்சிக்காரர் முகம் சுளிக்கட்டும். முதல் வாரத்திலேயே, நாலு பேர் பார்க்க, நீங்களே நின்று அவிழ்ப்பியுங்கள்.

2. எழுதிய விதி இல்லாமல் கை வைக்காதீர்கள். கூட்டத்தில் கை உயர்த்தி எடுத்த தீர்மானம் உபவிதி ஆகாது. பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி உபவிதிக்கு மேலிடத்து அங்கீகாரம் வேண்டும், வர்த்தமானியிலும் வரவேண்டும். விளம்பரப் பலகை பற்றிப் பழைய உபவிதி உங்கள் சபையில் ஏற்கெனவே இருக்கக்கூடும். புதிதாக எழுத அவசரப்படாமல், செயலாளரிடம் அதை வாங்கி வாசியுங்கள்.

3. எந்த வீதி யாருடையது என்று அறிந்துகொள்ளுங்கள். ஏ9 வீதி போன்றவை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் உள்வீதிகளும் ஒழுங்கைகளும்தான். மின்கம்பம் மின்விநியோக நிறுவனத்துடையது. தேர்தல் காலத்தில் பொது இடத்துச் சுவரொட்டிகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. அப்போது அகற்றுவது பொலிசாரின் வேலை. வேட்பாளராக நிற்கும் நீங்கள் எதிராளியின் பதாகையைத் தொடவே கூடாது.

4. அளவு, இடம், நாள் ஆகிய மூன்றை மட்டும் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது, யார் முகம் இருக்கிறது என்பது உங்களுக்கு வேண்டாம். அமெரிக்காவில் கில்பேர்ட் என்ற ஊரில், அரசியல் பலகைக்கு 32 சதுர அடி வரை இடம் கொடுத்தார்கள். ஆராதனைக்கு வழிகாட்டிய சிறு தேவாலயத்தின் பலகைக்கு 6 சதுர அடிதான், அதுவும் சில மணித்தியாலங்களுக்கு மட்டும். 2015இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் அந்த விதியைத் தள்ளினார்கள். சொல்லைப் பார்த்து வேறு வேறு விதி வைக்கக்கூடாது என்பது பெரும்பான்மையோர் சொன்ன காரணம். நம்மூரில் நவம்பர் மாதத்துச் சிவப்பு மஞ்சள் கொடி, மே தினச் செங்கொடி, வெசாக் அலங்காரம், கோயில் திருவிழாத் தோரணம், பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைக்கு வாழ்த்து, எல்லாம் வரும். மின்கம்பத்தில் கட்டக்கூடாது என்றால் ஒன்றையும் கட்டக்கூடாது. ஒரு வழி சொல்கிறேன். வருமானப் பரிசோதகர் கொண்டுவரும் அறிக்கையில் பெயரையும் படத்தையும் விட்டுவிடச் சொல்லுங்கள். நீளம், உயரம், இடம், கட்டிய திகதி மட்டும் இருக்கட்டும். அதை வைத்து முடிவெடுத்த பிறகு பெயரைக் கேளுங்கள்.

5. வளவுக்குள் இருப்பதை விட்டுவிடுங்கள். ஒருவர் தன் மதிலின் உட்புறத்தில் தன் கருத்தை எழுதி வைத்தால் அது அவர் குரல். அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைக் காக்கிறது. அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரத்தை அடுத்த லடூ என்ற ஊரில், வளைகுடாப் போரை எதிர்த்து ஒரு பெண் தன் வீட்டில் வைத்த பலகையை ஊராட்சி தடுத்தது. 1994இல் அந்தத் தடையும் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பலகை ஒழுங்கைக்குள் நீண்டாலோ, விழும் நிலையில் இருந்தாலோ மட்டும் படலையைத் தட்டுங்கள். கடை விளம்பரம் வேறு. அதற்கு உபவிதிப்படி கட்டணம் உண்டு, எல்லாக் கடைக்கும் ஒரே கணக்கில்.

6. செத்த வீட்டுக்குக் கடிதம் அனுப்பாதீர்கள். கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கும் நாள் எல்லை வேண்டும். அந்தியேட்டி முடிந்த மறுநாள் என்று வைத்தால் ஊருக்கு விளங்கும், யாரும் குறை சொல்லார். ஆனால் அந்த நாளில் ஒருவர் நேரில் போய், உரித்தாளரைக் கண்டு, இரண்டு வார்த்தை கதைத்து, அவர்கள் கையாலேயே கழற்றச் சொல்லவேண்டும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். சொல்லும் விதத்தில் இரக்கம் இருக்கலாம்.

7. முறைப்பாட்டின் பின்னால் ஓடாதீர்கள். நம் ஊரில் பலகைச் சண்டை பாதிக்கு மேல் வேலிச் சண்டைதான். கதியால் நகர்ந்த கோபத்தை, பக்கத்து வீட்டுக்காரனின் விளம்பரப் பலகை மீது காட்டுவார்கள். ஒரு முறைப்பாடு வந்தால் அந்த வீதி முழுவதையும் ஒரே நாளில் பாருங்கள். முறையிட்டவர் வீட்டு வாசலையும் சேர்த்துத்தான்.

8. ஆபத்துக்கு மட்டும் தவணை கொடுக்காதீர்கள். 2019 செப்டெம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் கலியாணப் பதாகை ஒன்று சரிந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம் பொறியியலாளர் மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லொறியில் அகப்பட்டு அவர் இறந்தார். கச்சான் காற்று எழும்பும் காலத்தில் சந்தி முடக்கை மறைத்து நிற்கும் பெரிய பதாகைச் சட்டகம் எதுவானாலும், எந்தக் கோயிலுடையதானாலும், அன்றே இறக்கவேண்டும். மற்றவற்றுக்கு எழுத்தில் அறிவித்தல், எல்லாருக்கும் ஒரே அளவு நாள். கழற்றியதைக் கிழிக்காதீர்கள். மரச்சட்டத்துக்குக் காசு கொடுத்தவர் வந்து கேட்டால் திருப்பிக் கொடுங்கள்.

9. இடம் மறுத்தால் இடம் காட்டுங்கள். வேம்பிலும் பனையிலும் ஆணி அடிக்காதே என்று சொன்னால் போதாது. சனசமூக நிலையத்தின் முன்னால் ஒரு நல்ல அறிவித்தல் பலகை நிறுத்துங்கள். முந்தி வருபவருக்கு முதல் இடம், இரண்டு கிழமைக்கு மேல் ஒன்றும் இருக்கக்கூடாது.

10. பதிவேடு வையுங்கள். அகற்றிய ஒவ்வொன்றுக்கும் திகதி, இடம், அளவு, காரணம், கழற்றமுதல் எடுத்த படம். உறவினர், கட்சிக்காரர் சம்பந்தப்பட்டால் முடிவெடுக்கும் கூட்டத்தில் இருந்து எழும்பிவிடுங்கள். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று 12ஆவது உறுப்புரை சொல்கிறது. அதை உங்கள் சபை காத்ததா என்று அறிய நீதிமன்றம் வரை போகவேண்டியதில்லை. ஆண்டு முடிவில் அந்தப் பதிவேட்டை எதிர்த்தரப்பு உறுப்பினர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கொடுக்கத் தயக்கமாக இருந்தால், எந்தப் பக்கத்தில் பிழை என்று உங்களுக்கே தெரியும்.