கருதுகோளும் சோதனையும்

இயற்கையில் நிகழும் நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அக்காரணத்தைக் காண விழைபவர் முதற்கண் ஓர் ஊகத்தைக் கொள்கின்றார். ஆயினும், எல்லா ஊகங்களும் அறிவியலுக்குப் பயன்படுவன அல்ல. ‘தீய காற்றினால் நோய் வருகின்றது’ என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். அத்தகைய காற்று உள்ள இடத்தை அறிவது எவ்வாறு என வினவினால், ‘நோய் உள்ள இடமெல்லாம் அது உள்ளது’ என விடை இறுக்கின்றார். இக்கூற்றை மெய்யென நிலைநாட்டவும் வழியில்லை. பொய்யெனத் தள்ளவும் வழியில்லை. சோதித்துப் பார்க்கும் வகையில் வரையறுத்துக் கூறப்பெறும் ஊகமே கருதுகோள் எனப்படும். அதன் இயல்பினை ஜாவாத் தீவில் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சி நன்கு விளக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், டச்சுக்காரர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஜாவாவில் பெரிபெரி என்னும் நோய் மக்களை வாட்டியது. நோயுற்றவரின் கால்கள் வலுவிழந்தன, உடல் வீங்கியது, இதயம் தளர்ந்து பலர் மாண்டனர். படைவீரரும் சிறைவாசிகளும் மிகுதியாகத் துன்புற்றனர். நோயின் காரணத்தை ஆராய 1886ஆம் ஆண்டில் ஒரு குழு அனுப்பப்பட்டது. அக்குழுவினருக்குத் துணையாக வந்த இளம் மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், அவர்கள் திரும்பிய பின்னரும் பட்டேவியா நகரில் தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அந்நகரே இன்று ஜகார்த்தா எனப்படுகின்றது.

அக்காலத்தில் பாஸ்டரும் காக்கும் பல நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என மெய்ப்பித்திருந்தனர். ஆகவே, பெரிபெரியும் கிருமியால் வருவதே என ஐக்மன் கருதினார். நோயாளியின் குருதியைக் கோழிகளின் உடலிற் செலுத்தினால் அவை நோயுறும். செலுத்தப்பெறாத கோழிகள் நலமாக இருக்கும். இதுவே அவர் எதிர்பார்த்த முடிவு. 1889ஆம் ஆண்டில் கோழிகள் நோயுற்றன. கால்கள் தள்ளாடி நிலத்தில் வீழ்ந்தன. ஆனால், குருதி செலுத்தப்பெறாத கோழிகளும் அவ்வாறே வீழ்ந்தன! ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கிருமி பரவியிருக்கலாம் என ஐயுற்றுச் சில கோழிகளைத் தனியே பிரித்து வைத்தார். அவற்றையும் நோய் விடவில்லை. பின்னர், எம்மருந்தும் இன்றியே கோழிகள் யாவும் நலம் பெற்றன.

ஐக்மன் இம்மாற்றத்தைத் தற்செயல் எனத் தள்ளிவிடவில்லை. கோழிகளின் வாழ்வில் மாறியது யாது என வினவினார். விடை தீனியில் இருந்தது. சில திங்களாக, மருத்துவமனைச் சமையற்கூடத்தில் எஞ்சிய தீட்டிய அரிசிச் சோறே கோழிகளுக்கு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படையினரின் சோற்றைப் படையைச் சேராத கோழிகளுக்குத் தர இயலாது என மறுத்துவிட்டார். அதன்பின் தீட்டாத அரிசி தீனியாயிற்று, நோயும் நீங்கிற்று.

ஐக்மன் இப்பொழுது புதிய கருதுகோள் ஒன்றை வகுத்தார். தீட்டிய அரிசியை மட்டும் உண்ணும் கோழிகள் நோயுறும். தீட்டாத அரிசியை உண்பவை நோயுறா. நோயுற்றவற்றுக்குத் தவிட்டைச் சேர்த்து ஊட்டினால் நலம் பெறும். இம்மூன்றனையும் அவர் மீண்டும் மீண்டும் சோதித்தார், மூன்றும் மெய்யாயின.

கோழிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமா? இவ்வினாவிற்கு விடை காண வோர்டர்மன் என்னும் அதிகாரி ஜாவாவிலும் மதுராத் தீவிலும் இருந்த 101 சிறைச்சாலைகளை ஆராய்ந்தார். தீட்டாத அரிசி வழங்கிய 37 சிறைகளுள் ஒன்றில் மட்டுமே பெரிபெரி இருந்தது. தீட்டிய அரிசி வழங்கிய 51 சிறைகளுள் 36இல் அந்நோய் இருந்தது. கட்டடத்தின் பழமை, காற்றோட்டம், கைதிகளின் நெருக்கம் ஆகிய பிற காரணங்களையும் அவர் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை.

எனினும், ஐக்மன் கூறிய விளக்கம் முற்றும் சரியாக அமையவில்லை. அரிசியின் மாவுப்பொருளில் ஒருவகை நஞ்சு உண்டென்றும், தவிடு அதனை முறிக்கின்றது என்றும் அவர் எண்ணினார். அவருக்குப்பின் ஆராய்ச்சியை மேற்கொண்ட கிரைன்ஸ் இதனையும் சோதனைக்கு உள்ளாக்கினார். நஞ்சு மாவுப்பொருளில் இருப்பின், அதனை உண்ணாத கோழிக்கு நோய் வருதல் கூடாது. மிகுந்த வெப்பத்தில் நெடுநேரம் வேகவைத்த இறைச்சியைக் கோழிகளுக்குக் கொடுத்தார், அவையும் நோயுற்றன. பச்சைப்பயறு ஊட்டிய கோழிகளோ நோயினின்று காக்கப்பட்டன. நோய்க்குக் காரணம் நஞ்சின் இருப்பு அன்று, உடலுக்கு வேண்டிய ஒரு பொருளின் குறைவே என 1901ஆம் ஆண்டில் கிரைன்ஸ் எடுத்துரைத்தார். அப்பொருளே தயமின் எனப்படும் வைட்டமின் பி1 ஆகும். ஐக்மனும் பின்னர் இக்கருத்தை ஏற்றுக்கொண்டார். 1929ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு ஹாப்கின்ஸ் என்பாருடன் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

இவ்வுண்மை தமிழ்மக்களின் உணவு வழக்கம் ஒன்றின் சிறப்பையும் புலப்படுத்தியது. நெல்லைப் புழுக்கும்பொழுது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியினுட் புகுந்து தங்குகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவில், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரிக்கு இரையாயினர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாகவே இருந்தது.

கருதுகோள் ஒன்றனை எழுதப் புகும் மாணவர் மூன்றனை மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, எதனை மாற்றப் போகின்றோம், எதனை அளக்கப் போகின்றோம் என்பவற்றைத் தெளிவாகக் குறித்தல். ‘உரம் நல்லது’ என்பது கருதுகோள் ஆகாது. ‘மண், நீர், வெயில் ஆகியவை ஒத்திருக்க, சாண எரு இட்ட அவரைச்செடி, எரு இடாத செடியைவிட முப்பது நாளில் உயரமாக வளரும்’ என்பதே கருதுகோள். இரண்டாவது, ஒன்றை மட்டும் மாற்றிப் பிறவற்றை ஒத்த நிலையில் வைத்தல். எருவும் நீரும் ஒருங்கே மிகுமாயின், வளர்ச்சி எதனால் ஆயிற்று என்பது விளங்காது. மூன்றாவது, எம்முடிவு வந்தால் கருதுகோளைக் கைவிடுவது என்பதைச் சோதனைக்கு முன்னரே வரையறுத்தல். இரு செடிகளும் ஒரே உயரமாக நின்றால், அல்லது எரு இடாத செடியே ஓங்கி வளர்ந்தால், அக்கருதுகோள் பொய்த்தது என ஏற்றல் வேண்டும்.

கருதுகோள் பொய்த்தல் ஆராய்ச்சியாளருக்கு இழுக்கு அன்று. கிருமியே காரணம் என்ற கருத்து பொய்த்தமையால் ஐக்மனின் பார்வை தீனியின்மேற் சென்றது. நஞ்சே காரணம் என்ற கருத்து பொய்த்தமையால் கிரைன்ஸ் உண்மையைக் கண்டார். தாம் கொண்ட கருத்தைத் தாமே சோதனைக்கு உட்படுத்தி, வந்த முடிவை விருப்பு வெறுப்பின்றி ஏற்கும் மனநிலையே அறிவியல் மனப்பான்மையாகும்.